வேதனை ஒன்றுமில்லை

மாற்றிப் பொருத்தப்பட்ட சிறுநீரகத்துக்கு வலிக்காது. கொடையாளரின் உடலிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும்போது தமனி, சிரை, சிறுநீர்க்குழாய் ஆகியவற்றோடு அவற்றைச் சுற்றிப் படர்ந்த நுண்ணிய நரம்புகளும் அறுபடுகின்றன. பெறுபவரின் உடலில் தமனி தமனியோடும் சிரை சிரையோடும் தைக்கப்படுகின்றன. சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பையோடு சேர்க்கப்படுகிறது. நரம்புகளை யாரும் தைப்பதில்லை. புதிய உறுப்பு தன் நலத்தைச் சிறுநீரின் அளவாலும் ரத்தத்தில் கிரியாட்டினின் காட்டும் எண்ணாலும்தான் தெரிவிக்கிறது. உடல் அதை நிராகரிக்கத் தொடங்கும் நாளில்கூடப் பெரும்பாலும் வலி முன்வந்து சொல்வதில்லை. பரிசோதனைக்கூடத்தின் தாள்தான் சொல்கிறது.

வலிப்பது, அந்த உறுப்பு உள்ளே போன வழி. பழுதான சிறுநீரகங்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே விடப்பட, புதியது அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், இடுப்பெலும்பின் குழிவில் அமர்த்தப்படுகிறது. அதற்காகத் தோலும் கொழுப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த தட்டைத் தசைகளும் ஒரு வளைகோட்டில் திறக்கப்படுகின்றன. இந்தச் சுவருக்கு உணர்ச்சி தரும் நரம்புகள் முதுகுத்தண்டிலிருந்து புறப்பட்டு, விலாப்புறத்தைச் சுற்றிக்கொண்டு முன்னால் வருகின்றன. மூன்று தசைகளில் நடுத்தசைக்கும் உள்தசைக்கும் இடையிலுள்ள மெல்லிய தளமே அவற்றின் பாதை. ஊசிமுனை அந்தத் தளத்தைக் கண்டடைந்து, ஏறத்தாழ 20 மில்லி மரப்பு மருந்தை அங்கே பரப்பிவிட்டால், சுவர் முதுகுத்தண்டுக்கு அனுப்பும் செய்தி நடுவழியில் நின்றுபோகிறது. நரம்புத் தடை என்று இதைச் சொல்லலாம்; மருத்துவமனைகளில் எல்லா மொழியினரும் ‘பிளாக்’ என்றே சொல்கிறார்கள். வயிற்றுச் சுவரில் போடப்படும் இவ்வகைக்கு ‘டேப் பிளாக்’ என்று பெயர். அல்ட்ராசவுண்டுத் திரையில் மூன்று சாம்பல்நிறப் பட்டைகள் தெரியும். மருந்து இறங்க இறங்க, கீழ்ப் பட்டைக்கு மேலே ஒரு கறுப்புத் துளி கண்ணின் வடிவில் விரியும்.

மாத்திரையும் ஊசிமருந்தும் இருக்க இத்தனை நுணுக்கம் எதற்கு என்ற கேள்விக்கு விடை, வலி மருந்துகள் உடலை விட்டு வெளியேறும் வாசலில் இருக்கிறது. அவற்றில் பலவற்றுக்கு அந்த வாசல் சிறுநீரகமே. மார்ஃபினை ஈரல் உருமாற்றுகிறது. உருமாறிய பொருள்களுள் ஒன்று மார்ஃபினைப் போலவே வீரியமுடையது. அதை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். புதிய சிறுநீரகம் இன்னும் முழுமூச்சில் இயங்கத் தொடங்காத முதல் நாள்களில் அப்பொருள் தேங்குகிறது. நோயாளி வலியின்றி உறங்குகிறார் என்று எல்லாரும் நிம்மதியடைந்திருக்கும் வேளையில் அவரது மூச்சு மெலிந்துகொண்டிருக்கலாம். பெதிடின் தேங்கினால் வலிப்பு வரும். டைக்குளோஃபெனக் போன்ற, மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் மாத்திரைகளின் தீங்கு வேறு வகையானது. சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் ரத்தத்தைக் கொண்டுசெல்லும் நுண்தமனியைத் திறந்துவைத்திருக்கும் வேதிப்பொருளை அவை குறைத்துவிடுகின்றன. உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கத் தரப்படும் டாக்ரோலிமஸோ அதே தமனியை ஏற்கெனவே சுருக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒருசேர நெரித்தால் தாங்குவதற்கு அங்கே இருப்பது இரவலாக வந்த ஒற்றைச் சிறுநீரகம். மிஞ்சுவது பாராசிட்டமாலும், ஈரலே முடித்துவைத்துவிடும் ஃபென்டனிலும். ஃபென்டனில் நல்ல மருந்துதான். ஆனால் அதற்கும் மயக்கம், குமட்டல், மூச்சு மந்தம் உண்டு, அதைச் சொட்டுச்சொட்டாகச் செலுத்தும் கருவியும் அருகிருந்து கண்காணிக்கும் ஆளும் வேண்டும்.

முதுகுத்தண்டின் உறைக்கு வெளியே மருந்தை விடும் எபிடியூரல், பிரசவ அறைகளிலிருந்து பலரும் அறிந்தது. இங்கே அதற்குத் தயக்கம் இருக்கிறது. அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். புதிதாகத் தைத்த தமனிக்கு அழுத்தம் குறைவதை அறுவை மருத்துவர் விரும்பமாட்டார். நெடுநாள் சிறுநீரக நோயில் ரத்தத்தின் தட்டணுக்கள் ஒட்டும் திறனை இழந்திருக்கும், டயாலிசிசில் ஹெப்பரின் வேறு கொடுத்திருப்பார்கள்; முதுகுத்தண்டின் அருகே ஒரு சிறு ரத்தக்கசிவுகூடக் காலைச் செயலிழக்கச் செய்துவிடக்கூடும். இவ்வாறு ஒவ்வொரு கதவாக மூடிய பிறகு திறந்திருக்கும் பக்கவாசல்தான் வயிற்றுச் சுவரின் நரம்புத் தடை.

அதன் வரலாறு வியப்பளிக்கும் அளவு புதியது. கண்ணில் கொக்கெய்ன் கரைசலை விட்டு மரக்கச் செய்யலாம் என்று கார்ல் கோல்லர் காட்டியது 1884இல். அதைத் தொடர்ந்து நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் நரம்பையே தேடிச்சென்று மருந்து செலுத்தும் முறையை உருவாக்கினார். தம்மீதும் சோதித்து, கொக்கெய்னுக்கு அடிமையாகி, அதற்கான விலையை வாழ்நாள் முழுதும் கொடுத்தார். பாஸ்டனில் ஜோசப் மர்ரி இரட்டையருக்கிடையே முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றைச் செய்தது 1954 டிசம்பரில். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் வெற்றி 1971இல். வயிற்றுச் சுவரின் அந்தத் தளத்தில் மருந்தைப் பரப்பலாம் என்று ரஃபி என்னும் மருத்துவர் எழுதியதோ 2001இல்தான். ஊசியைக் கையுணர்வால் செலுத்திவந்தவர்கள் அல்ட்ராசவுண்டைத் துணைக்கழைத்தது 2007ஐ ஒட்டி. முதுகுப்புறத் தசைகளின் ஓரமாகப் போடப்படும் புதிய வகைகள் அதற்குப் பின்னர் வந்தவை. அவற்றுள் ஒன்று 2016இல்தான் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. உறுப்பை மாற்றக் கற்று அரை நூற்றாண்டு கழிந்த பிறகே, அது நுழையும் வழியை அமைதிப்படுத்தும் வித்தை கைவந்திருக்கிறது.

இந்த வித்தைக்கு எல்லைகள் உண்டு. டேப் பிளாக் சுவரை மட்டுமே மரக்கச் செய்கிறது; சுவருக்கு உள்ளிருப்பதை அது தொடுவதில்லை. மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் பலர் முதல் நாள்களில் முறையிடுவது வெட்டுக்காயத்தைப் பற்றியன்று, சிறுநீர்க் குழாயைப் பற்றி. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், சிறுநீரே வராமல் சுருங்கிக்கிடந்த பைக்குள் திடீரென்று நீர் பாய்கிறது. உள்ளே ஒரு ரப்பர்க் குழாயும் அதன் குமிழும் உறுத்துகின்றன. அந்த முட்டலுக்குச் சுவரில் போட்ட ஊசியால் பயனில்லை. டேப் பிளாக்கைச் சோதித்த ஆய்வுகள் சில பெரும்பயன் என்றும் சில பயனே இல்லை என்றும் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்: எல்லாவற்றையும் ‘வலி’ என்ற ஒரே பெயரில் எண்ணினால், சுவரில் குறைந்ததைப் பையில் கூடியது மறைத்துவிடும். மருந்தின் ஆயுளும் குறைவு. ஒருமுறை போட்ட ஊசி அரைநாள், மிஞ்சினால் ஒரு நாள். மருந்து சற்றே வழிதவறித் தொடை நரம்பை எட்டினால், எழுந்து நிற்கும்போது முழங்கால் மடியும். சில மணி நேரத்தில் சரியாகிவிடும், ஆனால் அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி கலங்கிப்போவார்.

எது அடங்கியது, எது அடங்கவில்லை என்று அறிய ஒரே வழி கேட்பதுதான். இந்த இடத்தில் மருத்துவம் மொழியியலின் எல்லைக்குள் நுழைகிறது, பெரும்பாலும் அதை அறியாமலே. ‘0 முதல் 10 வரை எவ்வளவு?’ என்ற கேள்வி இந்தியாவின் எல்லா வார்டுகளிலும் புழங்குகிறது. மதிப்பெண்களால் வளர்க்கப்பட்ட நாட்டில் 10க்கு 10 என்பது நல்ல செய்தி. 10க்கு 7 என்று ஒருவர் சொன்னால், அவர் தம் வலியை மதிப்பிடுகிறாரா, சிகிச்சையை மதிப்பிடுகிறாரா என்று இரண்டாம் முறை கேட்டுத்தான் தெளிய வேண்டும்.

வலியை எண்ணாகச் சுருக்குவதற்கு முன்பு அதைச் சொற்களாகத் திரட்டியவர்கள் இருந்தார்கள். ரொனால்டு மெல்ஸாக்கும் வாரன் டார்கர்சனும் 1971இல் ஆங்கிலத்தில் வலியை விவரிக்கும் 102 சொற்களைத் தொகுத்து வகைப்படுத்தினார்கள். அதிலிருந்து 1975இல் வந்த மெக்கில் வினாத்தாள் 78 சொற்களை 20 குழுக்களாக அடுக்கியது. துடிக்கும் வலி ஒரு குழு, குத்தும் வலி ஒரு குழு, எரியும் வலி இன்னொன்று. எண் எவ்வளவு என்று மட்டும் சொல்லும். சொல் எங்கிருந்து என்றும் சொல்லும். தமிழில் இத்தகைய வினைகளுக்குப் பஞ்சமில்லை. குடைகிறது, கடுக்கிறது, உளைகிறது, சுருக்கென்கிறது, தெறிக்கிறது, இழுக்கிறது, எரிகிறது, காந்துகிறது, முட்டுகிறது, பிசைகிறது. பல் குடையும், பிசையாது. வயிறு பிசையும், தெறிக்காது. எந்த உறுப்பு எந்த வினையை ஏற்கும் என்பதில் மொழிக்கு ஒரு கறாரான கணக்கு இருக்கிறது, அதை எந்தப் பள்ளியும் கற்பிப்பதில்லை.

பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 1979இல் வகுத்த வரையறை, திசுச் சேதத்தோடு தொடர்புடைய, அல்லது அத்தகைய சேதத்தின் சொற்களில் விவரிக்கப்படும் அனுபவம் என்று வலியைச் சொன்னது. விவரிக்க இயலாதவர்களுக்கு, அதாவது பச்சிளங்குழந்தைக்கும் நினைவிழந்தவருக்கும், அந்த வரையறையில் இடம் எங்கே என்ற கேள்வி நெடுங்காலம் எழுந்துகொண்டிருந்தது. 2020இல் திருத்தியபோது ‘விவரிக்கப்படும்’ என்ற சொல் நீக்கப்பட்டது. வாய்மொழி என்பது வலியை வெளிப்படுத்தும் பல வழிகளுள் ஒன்று மட்டுமே என்ற குறிப்பும் சேர்க்கப்பட்டது. ஒரு சொல்லை நீக்க 41 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. விவரிக்க இயலாதவர்களுக்கு அது நியாயம் செய்தது. விவரித்தும் தவறாகக் கேட்கப்படுபவர்களைப் பற்றி எந்த வரையறையாலும் ஒன்றும் செய்ய முடியாது.

தில்லியின் ஒரு மருத்துவமனையில் மகனுக்குச் சிறுநீரகம் கொடுத்த ஓர் அம்மாவின் கதை அத்தகையது. பட்டுக்கோட்டைப் பக்கம் ஊர், வயது 54, மகன் தில்லியில் வேலை பார்த்துக்கொண்டு இரண்டாண்டு டயாலிசிசில் இருந்தவர். மருமகளின் ரத்த வகை பொருந்தவில்லை. அம்மாவுடையது பொருந்தியது, பொருந்தாமல் போயிருந்தால்தான் அவர் வருந்தியிருப்பார். இந்தி அவருக்குத் தெரியாது. அறுவை காலையில் நடந்தது. மகனுக்கு அடிவயிற்றில் வளைவெட்டு. அம்மாவுக்கு லேப்பராஸ்கோப்பி, சில சிறு துளைகளும் சிறுநீரகத்தை வெளியே எடுக்க அடிவயிற்றில் ஒரு குறுக்குவெட்டும். இருவருக்கும் முடிவில் நரம்புத் தடை போட்டார்கள். மாலையில் மருமகள் பார்த்தபோது அம்மா தெளிவாக இருந்தார். “கீழ மரத்துக் கிடக்கு, எனக்கு ஒண்ணும் தெரியல. அவன் எப்படி இருக்கான்?” என்பதுதான் அவரது பேச்சு. மகன் கிருமி அண்டாத தனி அறையில் இருந்தார். இரவு எட்டு மணிக்கு உடனிருந்தவர்களை வார்டிலிருந்து வெளியே அனுப்பினார்கள்.

இரவுப் பணிச் செவிலியர் ஒரு மலையாளி. தில்லி மருத்துவமனைகளை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. தமிழ் அம்மா என்று தெரிந்ததும் அவர் அக்கறையோடு தம் மொழியைச் சற்று நிதானமாக்கிப் பேசினார். நள்ளிரவு தாண்டி, மரப்பு விலகத் தொடங்கிய வேளையில் கேட்டார்: “அம்மே, வேதன உண்டோ?”

அம்மா சொன்னார்: “வேதனையெல்லாம் ஒண்ணுமில்லம்மா. மனசாரத்தான குடுத்தேன்.”

தாளில் 0 என்று எழுதப்பட்டது.

மலையாளத்தில் வேதனை என்றால் உடம்பில் வலிப்பது. பல்வலிக்கும் அதுதான், பிரசவ வலிக்கும் அதுதான். தமிழில் அதே வடசொல் உடலைவிட்டு மனத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. மகனுக்குச் சிறுநீரகம் கொடுத்த பெண்ணிடம் ‘வேதனையா?’ என்று கேட்பது, கொடுத்ததற்கு வருந்துகிறாயா என்று கேட்பதாகும். அந்தக் கேள்விக்கு அவர் தந்தது நேர்மையான விடை. ‘ஒண்ணுமில்ல’ என்பதோ இரு மொழிகளுக்கும் பொது. அது மட்டும் பிசகின்றிப் போய்ச் சேர்ந்தது. மறுபுறம், அம்மா தாமாக ‘வலிக்குது’ என்று சொல்லியிருந்தாலும் அது நேர்வழியில் போயிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது: மலையாளத்தில் ‘வலிக்குக’ என்றால் இழுப்பது. (தமிழிலும் துடுப்பு வலிப்பதில் அந்தப் பழம்பொருள் உயிரோடிருக்கிறது.) செவிலியர் இந்திக்காரராக இருந்திருந்தால் இருவரும் கையைக் காட்டியிருப்பார்கள், முகத்தைப் பார்த்திருப்பார்கள், ஒருவேளை மருமகளைத் தொலைபேசியில் அழைத்திருப்பார்கள். மொழிபெயர்ப்பாளர் தேவை என்று யாருக்கும் தோன்றாத அளவுக்கு இரு மொழிகளும் அருகருகே இருந்ததே இங்கே விபத்து. செவிலியரைக் குறைசொல்ல இதில் எதுவுமில்லை. அந்த இரவில் அம்மாவிடம் அவர் மொழிக்கு மிக அருகே வந்து பேசியவர் அவர் ஒருவர்தான்.

காலையில் மூச்சுப் பயிற்சி தர வந்தவர் இருமிக் காட்டச் சொன்னபோது அம்மாவால் இரும முடியவில்லை. இரவெல்லாம் அசையாமல், மேலோட்டமாக மூச்சுவிட்டபடி படுத்திருந்திருக்கிறார். அறுவைக்குப் பின் ஆழ்ந்து மூச்சிழுக்காதவருக்கு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்கும், காய்ச்சல் வரும்; அசையாத கால்களில் ரத்தம் உறையும். வலியைப் பொறுத்துக்கொள்வது ஒரு குணம் என்று பாராட்டப்படும் ஊர்களில் இந்த விளைவுகளை யாரும் சொல்வதில்லை.

மயக்கவியல் மருத்துவர் வந்தார்; தாளைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மருமகளை உள்ளே அழைத்தார். எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. எங்கே, எப்படி என்று கேட்டார். அம்மாவின் விடை மூன்று வினைகளில் வந்தது. “தையல் போட்ட எடம் அசைஞ்சா சுருக்குங்குது. உள்ளுக்குள்ள என்னமோ குடையுது. தோள்பட்ட உளையுது, தலகாணி சரியில்ல போல.”

மருமகள் மூன்றையும் ‘தர்த்’ என்று இந்தியில் சொல்லிவிட்டு, போதாது என்று உணர்ந்து கைகளால் நடித்துக் காட்டினாராம். அந்த நடிப்பு நல்ல மொழிபெயர்ப்பு. சுருக்கென்பது சுவரின் வலி. கூர்மையானது, இடம் காட்டக்கூடியது, தோல், தசை நரம்புகள் வழியே வருவது. அதற்கு மீண்டும் ஒரு பிளாக் போடலாம், போட்டார்கள். குடைவது உள்ளுறுப்பு இருந்த இடத்தின் வலி. விரல்வைத்துக் காட்ட முடியாதது, வேறு நரம்புகளின் வழியே போவது. அதற்கு ரத்தத்தின் வழியே போகும் மருந்துதான் வேண்டும். சிறிய அளவில் ஃபென்டனில் கொடுத்தார்கள். ஒரே சிறுநீரகம் எஞ்சியிருப்பவர் என்பதால் கொடையாளருக்கும் டைக்குளோஃபெனக் வகையைப் பல மையங்களில் தவிர்க்கிறார்கள். தோள்பட்டைக்குத் தலையணை காரணமில்லை. லேப்பராஸ்கோப்பியில் வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடின் மிச்சம் உதரவிதானத்தை உறுத்துகிறது; உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து இறங்கிவருவது; தோளின் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்புகளுக்கும் அதே கழுத்துதான் ஊற்று. ஆகவே மூளை முகவரியைத் தவறாகப் படிக்கிறது. அதற்கு எந்தப் பிளாக்கும் தேவையில்லை. எழுந்து உட்கார்ந்து நடந்தால் வாயு கரைந்து ஓரிரு நாளில் போய்விடும். ஆனால் எழுந்து நடக்க முதல் வலி அடங்கியிருக்க வேண்டும்.

சுருக்கு, குடைச்சல், உளைச்சல்: மூன்று சொற்கள், மூன்று நரம்புவழிகள், மூன்று வெவ்வேறு சிகிச்சைகள். 10க்கு 6 என்று சொல்லியிருந்தால் அவற்றுள் எதுவும் வெளியே வந்திராது.

எண்ணைக் கேட்டிருந்தாலும் அம்மா 6 என்று சொல்லியிருக்கமாட்டார். மகனுக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டு, அதற்குக் கீழே ஒன்றைச் சொல்லியிருப்பார். அவரது அளவுகோலின் உச்சி அடுத்த அறையில் படுத்திருந்தது. ‘எப்படி இருக்கீங்க?’ என்றால் ‘பரவாயில்லை’ என்பார்; அது நிலையைச் சொல்லும் சொல்லன்று, கேட்டவரை விடுவிக்கும் சொல். தென்னாசிய மொழிகளில் வலியை உணர்பவர் எழுவாயாக வருவதில்லை என்பது மொழியியல் மாணவர்களுக்குத் தெரிந்த பாடம்: ‘எனக்கு வலிக்கிறது’, ‘முஜே தர்த் ஹோ ரஹா ஹை’. உணர்பவர் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்பார். வலி தானாக வந்து சேரும். அந்த வேற்றுமையின் பொருள்களை அடுக்கும் நன்னூல் கொடையை முதலில் வைக்கிறது. இலக்கணத்திலிருந்து மனிதர்களின் மனப்பாங்கை ஊகிப்பது ஆபத்தான பழக்கம்; வலியில் துடிப்பவர் எந்த வேற்றுமையிலும் துடிப்பார். இருந்தாலும், வலிக்குத் தாம் உரிமையாளர் அல்லர் என்பதுபோல் பேசும் கொடையாளரைக் கண்டவர்களுக்கு இந்த இலக்கணக் குறிப்பு நினைவுக்கு வராமல் போகாது.

இந்தியாவில் உயிரோடிருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பான்மையர் பெண்கள்: தாய், மனைவி, சகோதரி. பெறுபவர்களில் பெரும்பான்மையர் ஆண்கள். 1995 முதல் 2021 வரையிலான உறுப்பு மாற்றுகளைப் பற்றி வெளியான தரவுகளின்படி ஐந்தில் ஏறத்தாழ நால்வர் ஆண்கள். ஆகவே வலியைச் சொல்லப் பழக்கப்படாத உடல்கள் அறுவை மேசையின் எந்தப் பக்கத்தில் அதிகம் இருக்கின்றன என்பது தற்செயல் அன்று. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் கொடையாளரின் விருப்பத்தை உறுதிசெய்ய எத்தனையோ படிகளை வைத்திருக்கிறது: உறவுச் சான்று, மருத்துவச் சான்று, குழுவின் நேர்காணல். மனமுவந்து கொடுக்கிறீர்களா என்பதை அரசு திரும்பத் திரும்பக் கேட்கிறது. அந்த அம்மா நள்ளிரவில் ‘மனசாரத்தான குடுத்தேன்’ என்று சொன்னதில் அந்த நேர்காணல்களின் எதிரொலியும் இருந்திருக்கலாம். மாதக்கணக்கில் அவரிடம் வெள்ளைச் சட்டைக்காரர்கள் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். கொடுத்த பிறகு வலிக்கிறதா என்று அதே அக்கறையோடு கேட்க எந்தக் குழுவும் இல்லை.

மருந்தின் பக்கத்திலும் ஒரு நெடிய மௌனம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசின் உரிமத்தோடு அபின் விளைவிக்கும் நாடு இது. 1985இன் போதைப்பொருள் சட்டம் வந்தபின் மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கிவைக்கவே அஞ்சின. 2014இன் திருத்தம் விதிகளை எளிதாக்கியது, அச்சத்தை அந்த அளவுக்கு எளிதாக்கவில்லை. அத்தகைய நாட்டில், விலை குறைந்த மரப்பு மருந்தும், பல மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருக்கும் அல்ட்ராசவுண்டும், பழகிய ஒரு கையும் சேர்ந்து அரைநாள் அமைதியைத் தர முடியும் என்பது சிறிய செய்தியன்று. நோயாளி வாய்திறந்து சொல்லும்வரை அது காத்திருப்பதில்லை என்பதே அதன் பெரிய நன்மை. சொல்லாதவருக்கும் சொல்பவருக்கும் ஒரே அளவில் கிடைக்கிறது. அதனாலேயே அது கொடையாளருக்கும் பெறுபவருக்கும் ஒன்றுபோல் போடப்பட வேண்டியது. ஆனால் காலையில் போட்ட ஊசி தேய்ந்து முடிவது பெரும்பாலும் நள்ளிரவில்: மருத்துவர் இல்லாத, உறவினர் வெளியேற்றப்பட்ட, ஒரு செவிலியருக்குப் பல படுக்கைகள் என்றிருக்கும் நேரத்தில். ஊசி வாங்கித்தந்த அவகாசம் முடியும்போது மறுபடியும் மொழியிடம்தான் வந்துசேர வேண்டியிருக்கிறது. மருந்தைத் தொடர்ந்து செலுத்த மெல்லிய குழாய் ஒன்றை அங்கேயே விட்டுவைக்கும் முறை இருக்கிறது. அதற்குக் கூடுதல் செலவும் கவனிப்பும் வேண்டும், கிருமி பற்றிய கவலையும் உண்டு. அது இல்லாத இடங்களில், ஊசி போட்ட நேரத்தைத் தாளில் பெரிதாக எழுதி, தேயும் நேரத்துக்கு முன்பே அடுத்த மருந்தைக் கொடுப்பது செலவில்லாத வழி.

அந்த வார்டில் இரண்டாம் இரவுக்கு மருமகள் ஒரு தாளில் சில சொற்களை இந்தியில் எழுதிக் கட்டிலில் ஒட்டிவிட்டுப் போனார். செவிலியர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாராம். முதல் இரவில் நடந்தது அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. தம் பங்குக்கு ஒரு சொல்லைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். நோவு. மலையாளத்திலும் தஞ்சை வட்டாரத் தமிழிலும் உடம்பைவிட்டு இன்னும் விலகாத சொல்.

“அம்மே, நோவுண்டோ?”

“இருக்கும்மா. இருமுனா நோவுது,” என்று அடிவயிற்றில் கையை வைத்தார். 5 என்று எழுதிக்கொண்டு செவிலியர் மருந்தெடுக்கப் போனார்.